துடைப்ப வண்டிக்காரன் பிஹி

கூட்டமாகச் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவர்களையும் சங்கிலி அறுந்து நிற்பவர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது அதன் வேலை. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் துடைப்ப வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மொராக்கோவின் தெற்கு மலைகளில் எட்டு வருடமாக அப்படி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் பிஹி.

பிப்ரவரி நடுவில் ஐரோப்பியச் சைக்கிள்காரர்கள் வரத் தொடங்குவார்கள். அவர்கள் ஊரில் அப்போதும் பனி கிடக்கும். இங்கே பாதாம் மரங்கள் பூத்து உதிர்ந்துகொண்டிருக்கும். காலையில் மலைமேல் உடம்பு கம்பளி கேட்கும். பகலில் கீழே பேரீச்சைப் பள்ளத்தாக்கில் கல் சுடும். அந்தச் சூட்டுக்காகத்தான் வருவது. அவர்களுடைய பைகள், தண்ணீர், பதினான்கு உதிரி டியூப்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பிஹியின் வேன் கடைசி ஆளுக்குப் பின்னால் நடைவேகத்தில் மலை ஏறும். கழுதையின்மேல் தீவனக் கட்டு ஏற்றிப் போகும் பெண்கள் அவனை முந்திப் போவார்கள்.

“என்ன பிஹி, எண்ணெய் தீந்துபோச்சா? கயிறு போட்டுக் கழுதையில கட்டட்டுமா?”

“கட்டுங்க அக்கா. கழுதைக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். வண்டியில் ஏற்றிக்கொள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டும் பயனில்லை என்று தெரியும். சுற்றுலா வண்டியில் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் ஏறலாம். சோதனைச் சாவடியில் பட்டியலை வாங்கித் தலைகளை எண்ணுவார்கள். ஒரு தலை கூடினால் உரிமம் போகும். ஏறத் தேவையே இல்லாத மலையை ஆசைக்காக ஏறுகிறவர்களுக்குப் பின்னால் எட்டு இருக்கைகள் காலியாகப் போகும். முதுகில் விறகோடு அதே மலையை ஏறியே தீரவேண்டியவளுக்கு அதில் இடமில்லை. காப்பீட்டு விதி என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் நியாயமான மனிதர்கள்கூடத் தலையாட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு விதி இதைவிடக் கடுமையானது. துடைப்ப வண்டி கடைசி ஆளை முந்தக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்லா என்ற ஓட்டுநர், மேலே போய்த் தேநீருக்கு அடுப்பு மூட்டலாம் என்று ஒரு பெண்ணை முந்திப் போனான். அவள் அடுத்த வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். மூன்று மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. அவளுக்குக் கால் போனது, அப்லாவுக்கு நான்கு மாதச் சிறை. இப்போது அவன் சந்தையில் மூட்டை தூக்குகிறான். பிஹி அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்.

பிஹிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இகீர் கிராமத்துக்காரன். அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் காசாபிளாங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். பதினோரு வயதில் அவனையும் சித்தப்பா கடைக்கு அனுப்பினார்கள். கடை மேசைக்கு அடியில் படுத்து, சோப்பு வாசனையில் நாலு வருடம் தூங்கியெழுந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடி வந்துவிட்டான். பிறகு சந்தை லாரி, பிறகு இந்த வேன். யாரிடமும் முகத்துக்கு நேராகக் கசப்பான ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன் என்று பெயர் எடுத்திருந்தான். அதை எல்லோரும் குணம் என்றே சொன்னார்கள்.

அவன் குடும்பத்தில் பெருமையோடு சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அவன் அப்பா இறந்த விடியற்காலையில் வீட்டில் வெளியூர் விருந்தினர்கள் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். அம்மா எழுந்து கஞ்சி காய்ச்சி, ரொட்டி சுட்டு, ஆர்கான் எண்ணெயும் தேனும் வைத்தாள். “வீட்டுக்காரர் எங்கே?” என்று கேட்டதற்கு, “வயலுக்குப் போயிருக்கார்” என்றாள். அவர்கள் வயிறார உண்டு, வாழ்த்திவிட்டு, வளைவு தாண்டிப் போன பிறகுதான் வாய்விட்டு அழுதாள். விருந்தாளியின் தொண்டையில் சோறு சிக்கும்படி வீட்டுத் துக்கத்தைச் சொல்லக்கூடாது என்பது அங்கே பால்குடியிலேயே புகட்டப்படும் மரியாதை. பதினேழு வயது பிஹியும் அன்று அவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். பக்கத்து அறையில் பிணம்.

அந்த வருடம் பிப்ரவரிக் கடைசி வியாழக்கிழமை, குழுவின் பாதை முதல்முறையாக இகீர் வழியாகப் போனது. நான்கு வருடத்துக்கு முன்பு அந்தக் கணவாய்க்குத் தார்ச்சாலை போட்டபோது ஊரே கூடிக் கை தட்டியது. தார் வந்தது; அதில் ஓட ஒரு வாகனம் வரவில்லை. புதன்கிழமை சந்தைக்கு ஒரு லாரி வரும், மற்ற நாளெல்லாம் சாலை வெயிலில் படுத்திருக்கும்.

பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் எட்டரைக்கே ஊரைத் தாண்டிவிட்டார்கள். வழிகாட்டி ஹஃபித், மராக்கேஷ்காரன், அவர்களோடு முன்னால் போய்விட்டான். கடைசி ஆள் கெர்பென். நெதர்லாந்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, போன வருடம் நெஞ்சைத் திறந்து இதயத்தில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அவருடைய மாத்திரை டப்பா பிஹியின் சட்டைப் பையில் இருந்தது. “அந்த மனுஷன் உன் கண்ணை விட்டு மறையக்கூடாது, புரிஞ்சுதா?” என்று ஹஃபித் தினமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவான். கெர்பென் நல்ல மனிதர். ஆரஞ்சுப் பழம் உரித்தால் பாதியை வேன் ஜன்னலுக்குள் நீட்டுவார். ஆறு நாளாக ஒருமுறைகூட வண்டியில் ஏறவில்லை. ஊரில் மூன்று நண்பர்களுக்குத் தினமும் சாயங்காலம் ஒரே ஒரு வரி அனுப்புவார்: இன்றும் ஏறவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வேன் இகீர் வளைவைத் திரும்பியபோது சாலையோரத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் கம்பளத்தில் பிஹியின் தங்கை தூதா சுருண்டு கிடந்தாள். கெர்பென் அதற்குள் ஊரைத் தாண்டி ஏற்றத்தின் அடிவாரத்துக்குப் போயிருந்தார்.

பிஹி குதித்து இறங்கினான். தூதாவின் மாமியார் கெல்தூம்தான் பேசினாள். “மூணு நாளா அடிவயித்துல வலி. இன்னிக்கு எந்திரிச்சு நின்னவ அப்படியே மயங்கி விழுந்துட்டா.”

“மூணு நாளா என்ன பண்ணுனீங்க?”

“ஸி ஒமர் எழுதிக் குடுத்தார். கரைச்சுக் குடிச்சா.”

ஸி ஒமர் பள்ளிவாசலில் ஓதுகிறவர்; காகிதத்தில் வேத வசனம் எழுதித் தருவார், அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் போகும் என்பார்கள். அவரும் அங்கே நின்றிருந்தார். புருஷன் வெளியூரில் இருக்கும் பெண்ணுக்கு வயிற்றுக் குழந்தை தூங்கிப்போய்விடும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தூங்கும், பிறகு ஒருநாள் விழித்து வளரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தூதாவின் புருஷன் ஹம்மூ டிசம்பரில் பத்து நாள் வந்துவிட்டுக் காசாபிளாங்கா திரும்பியிருந்தான்.

“பதறாதே பிஹி,” என்றார் ஸி ஒமர். “குழந்தை தூங்கப் போகுது. தூங்கறதுக்கு முன்னால கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எழுதின தண்ணி இன்னும் ஒரு வேளை பாக்கி இருக்கு.”

தூதா கண்ணைத் திறந்தாள். உதடு சுண்ணாம்பாக இருந்தது. “அது தூங்குதோ என்னமோ, மூணு நாளா நான் தூங்கல, ஸி ஒமர். எனக்கு ஒண்ணு எழுதக்கூடாதா?”

பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பலையா?” என்றான் பிஹி.

“பஞ்சாயத்து ஆம்புலன்ஸ் டயர் இல்லாம கட்டைமேல நிக்குது,” என்றாள் கெல்தூம். “வர்ற மாசம்னாங்க. போன மாசமும் வர்ற மாசம்னுதான் சொன்னாங்க.”

பிஹி அதற்குமேல் கேட்கவில்லை. பட்டியலைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பைகளை ஒதுக்கி, படுக்கை போட்டு, தங்கையைத் தூக்கி உள்ளே கிடத்தினான். துணைக்குக் கெல்தூம் ஏறிக்கொண்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். கணவாய்க்குப் பதின்மூன்று கிலோமீட்டர், வேனில் இருபது நிமிடம். அங்கிருந்து இறக்கத்தில் ஒரு மணி நேரம் போனால் நகரத்து மருத்துவமனை. வியாழக்கிழமை அறுவை மருத்துவர் இருக்கிற நாள். எல்லாம் கூடி வந்ததுபோல்தான் இருந்தது.

இரண்டாவது வளைவில் கெர்பெனின் மஞ்சள் சட்டை தெரிந்தது.

மலையின் இந்தப் பக்கம் ஃபோன் எடுக்காது. ஹஃபித்தின் வாக்கி-டாக்கி கணவாயைத் தாண்டிப் பேசாது. முந்திப் போனால் இந்த மனிதர் ஒட்டுப்போட்ட இதயத்தோடு பதின்மூன்று கிலோமீட்டர் தனியாக ஏறுவார். மாத்திரை இவன் பையில் இருக்கும். அப்லாவின் முகம் பிஹியின் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் இதற்கெல்லாம் ஒரே ஒரு எளிய வழி இருந்தது. கெர்பெனை வண்டியில் ஏற்றிவிட்டால் போதும்.

பக்கத்தில் போய் ஜன்னலை இறக்கினான். “ஏறிக்கங்க, முஸ்யு கெர்பென். இன்னிக்கு ஏத்தம் ரொம்பக் கஷ்டம்.”

கெர்பென் வியர்வையோடு சிரித்தார். “தெரியும் பிஹி. அதனாலதான் ஏறமாட்டேன்.”

“மேல ரொம்பச் சூடு.”

“சூட்டுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தேன்.”

பிஹி வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். திரைக்குப் பின்னாலிருந்து கெல்தூம் கேட்டாள், “என்ன சொல்றாரு?”

“ஏறமாட்டாராம்.”

“சொன்னியா?”

“எதை?”

“சொல்லிடாதே அண்ணே,” என்று தூதாவின் குரல் வந்தது. “என் வயித்தைப் பத்தி அந்த வெள்ளைக்காரர்கிட்டப் பேசினே, நான் கதவைத் திறந்து குதிச்சிடுவேன்.”

பிஹிக்கு அந்த மிரட்டல் தேவைப்படவே இல்லை. தங்கையின் கர்ப்பக் கோளாறை அந்நிய ஆணிடம் எப்படிச் சொல்வது? பயணத்தை ரசிக்க வந்த விருந்தாளியின் கையில் வீட்டுத் துக்கத்தைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? அவனுக்குப் பிரெஞ்சு அதிகம் தெரியாது. ஆனால் ‘தங்கை’, ‘நோய்’, ‘மருத்துவமனை’ ஆகிய மூன்று சொற்களும் தெரியும். எட்டு வருடத்தில் பஞ்சரும் வாந்தியும் பேசிப் பேசிப் பழகிய வாய்க்கு அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியைத்தான் தலைமுறை தலைமுறையாக மரியாதை என்ற பெயரில் அவர்களிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது ஊர்.

மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் வேன் ஏறியது. முதல் கியரில் எஞ்சின் முனகியது.

ஐந்தாவது வளைவில் பிஹி மறுபடி பக்கத்தில் போனான். “முஸ்யு கெர்பென், பின்னாலேருந்து மணல் காத்து வருது. ஏறிக்கங்க. சீக்கிரம்.”

கெர்பென் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒரு இலை அசையவில்லை. அவர் பிஹியைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஹஃபித் சொல்லி அனுப்புனானா? நான் இன்னிக்காவது ஏறுவேன்னு பந்தயமா?” என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

“அண்ணே,” என்றாள் தூதா உள்ளேயிருந்து. மூச்சு விட்டு விட்டு வந்தது. “இவர் இறங்கி நடந்தாக்கூட இதைவிடச் சீக்கிரம் போயிடுவார்னு சொல்லு.”

“பேசாதே. படு.”

“தோளும் வலிக்குது. வயித்துல வலின்னா தோள் எதுக்கு வலிக்கணும்?”

பிஹிக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அப்படித்தான் தோளில் வலியாகத் தெரியும் என்பதை அன்று பகலில் ஒரு டாக்டர் அவனுக்குச் சொல்லப்போகிறாள். இப்போது அவன் ஹாரனில் கையை வைத்தான். எடுக்காமல் அழுத்தினான். மலை முழுவதும் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது. வழி கொடு, இறங்கு, ஏறு, எதையாவது செய் என்று அந்தச் சத்தத்துக்குள் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். முன்னால் கெர்பென் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து, இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். கொஞ்ச தூரம் வேகமாகவே போனார். அப்புறம் மூச்சு வாங்கி இன்னும் மெதுவாகிவிட்டார்.

எட்டாவது கிலோமீட்டரில் அவருடைய பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. நானே மாற்றுகிறேன் என்று பையைத் திறந்தவரிடமிருந்து பிஹி சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டான். நான்கு நிமிடத்தில் டியூப் மாற்றினான். டியூபின் மூடி இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது. கெர்பென் கவனித்தார்.

“உடம்பு சரியில்லையா, பிஹி?”

“இல்ல முஸ்யு. நல்லா இருக்கேன்.”

அப்போது வேனுக்குள் கெல்தூம் இருமினாள். கெர்பென் திரும்பினார். “உள்ள யாரு?”

“சொந்தக்காரங்க. மேல போகணும். பட்டியல்ல இல்ல, முஸ்யு. ஹஃபித்கிட்ட சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்,” என்றார் கெர்பென். நல்ல மனிதர் என்றேனே. ஹெல்மெட்டைக் கழற்றினார். ஆறு நாளில் கற்றுக்கொண்ட, அந்த மலைக்காரர்களின் ஷில்ஹா மொழி வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, திரைச்சீலையைப் பார்த்து, நலமா என்று கேட்டார்.

கெல்தூம் திரையைக் கையகலம் விலக்கினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அந்த ஊர் முறைப்படி, ஒரு வார்த்தையும் விடாமல் பதில் சொன்னாள். “நல்லா இருக்கோம், அல்லாவுக்குப் புகழ். நீங்க நல்லா இருக்கீங்களா? வீட்டுல நல்லா இருக்காங்களா? புள்ளைங்க நல்லா இருக்காங்களா? வழியெல்லாம் சௌக்கியமா இருந்துதா?”

அவளுக்குப் பின்னால் இருட்டில் படுத்திருந்த தூதாவும் தலையைத் தூக்க முயன்றாள். “நல்லா இருக்கேன்,” என்றாள். “அல்லாவுக்குப் புகழ்.”

கெர்பென் மகிழ்ச்சியோடு தலை வணங்கினார். ஒரு ஆரஞ்சை எடுத்துக் கெல்தூமின் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல மனிதரிடம் எல்லாம் நலம் என்று சொன்னார்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால், கத்தியிருந்தால், ஒரு வசவு பேசியிருந்தால், ஒருவேளை பிஹியின் வாய் திறந்திருக்கும்.

கடைசி மூன்று கிலோமீட்டரில் தூதா பேசவில்லை. கெல்தூம் மட்டும் அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “சில்லுனு இருக்குடா. இந்த வெயில்லயும் சில்லுனு இருக்கு.” பிஹி ஒருமுறை வண்டியை இடப்பக்கம் ஒடித்து முந்தப் பார்த்தான். கெர்பென் அப்போது தள்ளாடினார். முன் சக்கரம் பள்ளத்தின் ஓரம் வரை போய்த் திரும்பியது. பிஹி பிரேக்கை மிதித்தான். மறுபடி பின்னால் வந்து நின்றுகொண்டான். ஒரு பக்கம் தங்கையின் மூச்சையும் ஒரு பக்கம் அந்தக் கிழவரின் முதுகையும் பார்த்துக்கொண்டு மணிக்கு ஆறு கிலோமீட்டரில் போவது தவிர உலகத்தில் அவனுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

கணவாயில் பதின்மூன்று பேரும் தேநீரோடு காத்திருந்தார்கள். கெர்பென் வந்ததும் கை தட்டினார்கள். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. வேன் இகீர் வளைவைத் திரும்பியதிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பிஹி ஹஃபித்தைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேன் கதவைத் திறந்தான். ஹஃபித் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினான். குழுவில் ஹனெக என்ற பெண் டாக்டர் இருந்தாள். சைக்கிள் ஷூவோடு தட்டுத்தடுமாறி ஓடி வந்து உள்ளே ஏறினாள். நாடி பார்த்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றில் கை வைத்தாள். “கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கி வெடித்திருக்கு. உடனே கிளம்பு,” என்றாள். ஹஃபித் மொழிபெயர்த்தான். முதலுதவிப் பெட்டியைக் கேட்டாள். நல்ல பெரிய பெட்டி. சீட்டு உராய்ந்து புண்ணாகாமலிருக்கக் களிம்பு, தசைப்பிடிப்புக்குத் தைலம், உப்பு மாத்திரை, முழங்கால் பட்டைகள். ரத்தம் வடிந்து சாகிறவளுக்கு அதில் எதுவும் இல்லை.

கெர்பென் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்தபோதும் அப்படியே நின்றார்.

இறக்கத்தின் இருபத்தாறாவது கிலோமீட்டரில், நகரத்து வெள்ளைக் கட்டடங்கள் கீழே தெரிய ஆரம்பித்த இடத்தில், ஹனெக பிஹியின் தோளைத் தொட்டாள். மெதுவாகப் போகலாம் என்று கையால் காட்டினாள்.

தூதாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். ஹம்மூ பேருந்தில் வந்து சேர்ந்தான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அவளுக்கு எழுதினது அவ்வளவுதான். பிஹி ஒவ்வொருவரிடமும் விடாமல் திருப்பிச் சொன்னான்: “எழுதினது இல்ல. ரெண்டு மணி பத்து நிமிஷம்.” முதலில் புரியாமல் பார்த்தார்கள். பிறகு ஹம்மூவே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மச்சான், திரும்பத் திரும்ப அதைச் சொல்லாதீங்க. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? அவ நேரம் வந்துது, போனா. அப்படியே இருக்கட்டும்.”

“நேரம் வரல ஹம்மூ. நான்தான் மெதுவா ஓட்டினேன். மூணு நாள் இவங்க காகிதம் கரைச்சுக் குடுத்தாங்க, ரெண்டு மணி நேரம் நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

ஸி ஒமர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பெரியவர் ஒருவர், பிஹிக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது, ஏதாவது எழுதிக் கட்டினால் தேவலை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

சனிக்கிழமை பகல் ஒரு டாக்சி வந்து நின்றது. குழுவை விட்டுவிட்டுக் கெர்பென் வந்திருந்தார், கூட ஹஃபித். ஆண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கெல்தூம் தேநீர்த் தட்டோடு வந்தாள். கெர்பென் குடிக்கவில்லை. கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு பிஹியைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஹஃபித் சொன்னான், “ரெண்டு நாளா தூங்கலையாம். என்னாலதான் உங்க தங்கச்சி செத்தாளான்னு கேக்கறார். நேராச் சொல்லணுமாம்.”

அறையில் எல்லோரும் பிஹியைப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பிஹி தன் மொழியில் நிதானமாகப் பேசினான். “உங்களாலயும்தான் முஸ்யு. ஆனா நீங்க தெரியாம செஞ்சீங்க. நான் தெரிஞ்சு செஞ்சேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க இறங்கியிருப்பீங்க. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. உங்க மனசு கோணக்கூடாதுன்னு பார்த்தேன். எங்க மானம் போகக்கூடாதுன்னு பார்த்தேன். அவளைப் பாக்கல.”

ஹஃபித் கெர்பெனிடம் திரும்பி ஐந்தாறு சொற்களில் முடித்துவிட்டான். அதில் ‘கடவுள்’ என்ற சொல் பிஹியின் காதில் விழுந்தது. கெர்பெனின் தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்ல நெஞ்சில் கையை வைக்கப் போனார்.

“இல்ல,” என்றான் பிஹி பிரெஞ்சில்.

“பிஹி, விடு,” என்றான் ஹஃபித். “வயசானவர். நெஞ்சு சரியில்லாதவர். என்ன லாபம்?”

“இல்ல,” என்றான் மறுபடியும். பிறகு அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். “என் தங்கை. நோய். வண்டியில. மருத்துவமனை. நான் சொல்லல.”

கெர்பென் அசையாமல் கேட்டார். கணக்கு வாத்தியார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு ஹஃபித் தேவைப்படவில்லை. கணவாய் வரை வண்டியில் போயிருந்தால் எவ்வளவு நேரம்?

“இருபது நிமிஷம்.”

கெர்பென் தலையை ஆட்டினார்.  அழவில்லை. எழுந்து போகலாமா, உட்காரலாமா என்று தெரியாதவர்போலச் சுவரைத் தடவினார். அவர் சாய்வதற்கு இடமில்லாமல் தவிக்கிறார் என்று நினைத்தோ என்னவோ, ஹம்மூ எழுந்து வந்து, மூலையிலிருந்த தலையணையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான்.